முகத்துக்கு என்ன ட்யூப் போடுறீங்க?

தோல் கிளினிக்கில் புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு முதல் நாளே லேசர் மெஷினைக் காட்டிவிடுகிறார்கள். ஸ்விட்ச் இங்கே, ஜெல் அங்கே, கண்ணாடி இந்த டிராயரில் என்று. அதெல்லாம் மூன்றாவது வாரத்தில் போதும். முதல் வாரம் முழுக்க அவர் பழக வேண்டியது ஒரு கேள்வியை: “முகத்துக்கு என்ன ட்யூப் போடுறீங்க?”

நேராகக் கேட்டால் “ஒண்ணும் போடலைங்க” என்றுதான் பதில் வரும். அது பொய்யும் இல்லை. மெடிக்கலில் சில்லறை கொடுத்து வாங்கிய க்ரீமை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். “பவுடர் போடுறதுக்கு முன்னாடி என்னா தடவுவீங்க?” “வெள்ளையாவறதுக்குன்னு பார்லர்ல ஏதாச்சும் குடுத்தாங்களா?” “ரெண்டு நாள் போடாம விட்டா முகம் எரியுதா, சிவக்குதா?” கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று தலையாட்டினால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறது என்று முக்கால்வாசி முடிவு கட்டிவிடலாம். அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கிற ட்யூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். காலியானதையும்தான்.

ட்யூபின் பின்பக்கம் படிக்கவும் சொல்லித்தர வேண்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது. பெயரின் வாலைப் பார்த்து மருந்தைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் குறுக்குவழி சொல்லித்தருகிறார்கள். க்ளோபெட்டசோல் ஸ்டீராய்டு, கீட்டோகோனசோல் பூஞ்சைக்கான மருந்து. காதால் கேட்டால் இரண்டுக்கும் வால் ஒன்றுதான். ஆகவே குறுக்குவழி வேண்டாம். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், பெக்ளோமெத்தசோன் என்று ஐந்தாறு பெயர்களை மனப்பாடம் செய்வதே வழி. 2018 மார்ச்சில் மத்திய அரசு மேலே பூசும் ஸ்டீராய்டுகளை ஷெட்யூல் எச் பட்டியலில் தெளிவாகச் சேர்த்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. கவுண்டரில் நடப்பது வேறு.

மங்குக்குக் கொடுக்கப்படும் மூன்று மருந்துக் கலவை தனிக் கதை. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்து 1975-இல் க்ளிக்மன் எழுதிய சூத்திரத்தின் வாரிசுதான் இன்று ட்யூபில் வருவது. டாக்டர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு நல்ல மருந்து. ஆனால் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு அக்கா, தங்கை, எதிர்வீட்டு அண்ணி என்று வருடக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், கன்னத்தில் நரம்புக்கோடு போலச் சிவப்பு இழைகள் தெரியும், பூனைமுடி வளரும், ஒரே அளவிலான பருக்கள் கொத்தாக வரும், வெயிலில் நின்றால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும். இந்த முகத்தில் பீல் (அமிலம் தடவித் தோலின் மேலடுக்கை உரிக்கும் சிகிச்சை) போட்டால் சாதாரணத் தோலில் மேலோடு நிற்க வேண்டிய அமிலம் ஆழமாக இறங்கிவிடும். பீல் அறையில் நடக்கும் விபத்துகளுக்கு மூலம் பெரும்பாலும் வரவேற்பு மேசையில் கேட்கப்படாமல் விட்ட இந்தக் கேள்விதான்.

அதே ட்யூப் தொடையிடுக்கிலும் வேலையைக் காட்டுகிறது. படர்தாமரை முன்பெல்லாம் சில வாரத்தில் போய்விடும். இப்போது வீடு முழுக்கச் சுற்றுகிறது. 2020-இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சை ஒரு காரணம். டெர்பினாஃபின் மாத்திரைக்குப் பல சமயம் அது மசிவதில்லை. ஸ்டீராய்டு கலந்த ட்யூப் இன்னொரு காரணம். அரிப்பு அடங்கிவிடும், பூஞ்சை அடங்காது. வட்டத்தின் ஓரம் கலைந்து, படர்தாமரை மாதிரியே தெரியாமல் போய்விடும். அப்போதுதான் சுரண்டிப் பார்க்கும் டெஸ்ட் தேவைப்படும். உதவியாளர் செய்யக்கூடியதுதான்: ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, நடுவில் அல்ல, செதில் உதிரும் ஓரத்தில், மழுங்கிய பிளேடால் சுரண்டி, ஸ்லைடில் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, கவர்ஸ்லிப் மூடி 10 முதல் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். நகத் துகளுக்கு இன்னும் அதிக அடர்த்தியும் நேரமும் வேண்டும். அவசரப்பட்டு ஐந்தே நிமிடத்தில் பார்த்தால் செல்கள் கரைந்திருக்காது, பூஞ்சை இழை கண்ணில் படாது, “நெகட்டிவ்” என்று எழுதிவிடுவார்கள்.

கிளினிக் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்த் தொழிலையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் பெண்ணின் விரல்நுனி கறுத்து, தோல் உரிந்து, உள்ளங்கை வெடித்திருந்தால் கரப்பான் என்று எழுதும் முன் முந்திரி உடைக்கிறாரா என்று கேளுங்கள். முந்திரிக் கொட்டைத் தோட்டில் இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலம், கார்டால் என்று தோலைப் புண்ணாக்கும் பொருட்கள் உண்டு. சேங்கொட்டையும் மாம்பாலும் அதே குடும்பம். எவ்வளவு விலை உயர்ந்த களிம்பு கொடுத்தாலும், திங்கட்கிழமை மறுபடி வெறுங்கையோடு உடைக்க உட்கார்ந்தால் புண் திரும்பிவிடும். சித்தாள், கொத்தனார் கை என்றால் சிமெண்ட். நெற்றி நடுவில் வெள்ளைப் புள்ளி என்றால் ஸ்டிக்கர் பொட்டு; அதன் பசையில் இருக்கும் ஒரு ரசாயனம் நிறமிச் செல்களையே கொன்றுவிடும். இந்த மூன்றையும் நோயாளியே சொல்லமாட்டார், கேட்டால்தான் வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உதவியாளர் சும்மா இருக்கவே கூடாது. தேமல் என்று வந்தவரின் திட்டில் அரிப்பும் இல்லை, செதிலும் இல்லை, தொட்டால் உணர்ச்சியும் மந்தமாக இருக்கிறதென்றால் டோக்கன் வரிசையைப் பார்க்காமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். புருவத்தின் வெளி ஓர முடி கொட்டியிருந்தாலும், காதுமடல் தடித்திருந்தாலும் அப்படித்தான். தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஃபேஷியல் போட்டு அனுப்பிய கதைகள் உண்டு. கூட்டு மருந்து சிகிச்சை அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். புதுச்சேரி கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. சீக்கிரம் ஆரம்பித்தால் கையும் காலும் தப்பும்.

அக்கியோடு வருபவருக்கும் வரிசை கிடையாது. குயவர் வீட்டில் போய் அக்கி எழுதிவிட்டு, காவி காய்ந்த முதுகோடு ஐந்தாம் நாள் வந்து நிற்பார்கள். திட்டக் கூடாது. எழுதியதில் பெரிய கெடுதல் இல்லை, போன நாள்தான் கெடுதல். வைரஸ் மருந்து கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாக வேலை செய்யும். ஆகவே போனில் கேட்கிறவரிடம் “ஒரு பக்கமா மட்டும் கொப்புளம், நெருப்பு மாதிரி எரிச்சல்” என்று காதில் விழுந்தால் அன்றைக்கே வரச் சொல்ல வேண்டும். கண்ணருகே, மூக்கு நுனியில் என்றால் உடனே.

இனி பீல். கிளினிக்குகளில் அதிகம் நடப்பதும், அதிகம் சொதப்புவதும் இதுதான்.

மூன்று பாட்டில்கள் ஒரே தட்டில் ஒரே மாதிரி நிற்பதுதான் முதல் ஆபத்து. கிளைகாலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம், டிசிஏ என்கிற ட்ரைக்ளோரோஅசிட்டிக் அமிலம். பார்க்க மூன்றும் தண்ணீர்போலவே இருக்கும். நடத்தை மூன்று விதம். கிளைகாலிக்கை நாம்தான் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். சாலிசிலிக் தானே நின்றுவிடும். ஆல்கஹால் ஆவியானதும் வெள்ளைப் பொடியாகப் படியும், அதைத் துடைத்துக் கழுவினால் போதும். டிசிஏ தோலின் புரதத்தை உறையவைத்து, அதிலேயே தன்னைத் தீர்த்துக்கொள்ளும்; அதன்மேல் சோடா தண்ணீர் (ஆப்பசோடா கரைத்த தண்ணீர்) ஊற்றுவதில் பயன் இல்லை. இதில் சாலிசிலிக்கின் வெள்ளைப் பொடியையும் டிசிஏ-யின் வெள்ளை உறைவையும் ஒன்றென்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. ஈரப் பஞ்சால் துடைத்தால் போகிற வெள்ளை பொடி. போகாத வெள்ளை தோலே வெளுத்தது. கிளைகாலிக் போட்ட முகத்தில் போகாத வெள்ளையோ சாம்பல் நிறமோ எங்கே தெரிந்தாலும், டைமர் என்ன சொன்னாலும், அந்த இடத்தை அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு நிற டேப் ஒட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாட்டில் மட்டுமே தட்டுக்கு வரட்டும்.

தயாரிப்பு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு முன்பே தொடங்குகிறது. சன்ஸ்க்ரீனும் டாக்டர் எழுதும் க்ரீமும். ட்ரெட்டினாயின், அடாபலீன் மாதிரியானவற்றைப் பீலுக்குச் சில நாள் முன் நிறுத்த வேண்டும். ஒரு வாரத்துக்குள் த்ரெட்டிங், வேக்ஸிங், ப்ளீச் செய்திருந்தால் அன்று பீல் இல்லை. எவ்வளவு தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாலும் இல்லை. கர்ப்பம், பால் கொடுப்பது, பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, உதட்டோரம் அடிக்கடி வரும் ஜுரக் கொப்புளம், ஆஸ்பிரின் அலர்ஜி — இந்த ஐந்தையும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும், போன மாதம் கேட்டிருந்தாலும்.

கட்டிலின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் மூன்றிலும் வாஸ்லின். சோப்பால் கழுவிய முகத்தை ஸ்பிரிட் அல்லது அசிட்டோனால் எண்ணெய் போகத் துடைக்க வேண்டும். ஒரு கன்னத்தை நான்கு முறை, இன்னொன்றை ஒரு முறை துடைத்தால் அமிலமும் அப்படியே ஏறும். முகம் திட்டுத்திட்டாக உரிவதற்கு இதுதான் காரணம், மருந்து கம்பெனி அல்ல. அழுத்தித் தேய்த்தாலும் ஆழம் கூடும்.

முழு முகத்துக்கு 2 மி.லி. போதும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, பாட்டிலை மூடி வைத்த பிறகே பிரஷைத் தொட வேண்டும். கிண்ணமோ பிரஷோ ஒருபோதும் கண்ணுக்கு மேலே குறுக்காகப் போகக் கூடாது. நெற்றியில் தொடங்கி, கன்னங்கள், தாடை, மூக்கு, கடைசியில் மேலுதடு. முதல் பிரஷ் தோலில் பட்ட நொடியில் டைமர் ஓட வேண்டும். பூசி முடித்த பிறகு டைமர் போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நெற்றிக்கு அரை நிமிடம் கணக்கில் வராமல் போகும். நிறுத்தும்போதும் பூசிய அதே வரிசை. 35 சதவீத கிளைகாலிக் முதல் முறை என்றால் ஒன்று முதல் இரண்டு நிமிடம். அடுத்தடுத்த முறை அரை நிமிடம் கூட்டலாம். 70 சதவீதத்தை உதவியாளர் கையில் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் அழுத்தமான கருத்து.

நிறுத்துவதற்கான சோடா தண்ணீர் பீல் பூசும் முன்பே கலந்து, பஞ்சு நனைத்துத் தயாராக இருக்க வேண்டும். 100 மி.லி. சுத்தமான தண்ணீரில் 10 கிராம் சோடியம் பைகார்பனேட். தடவும்போது நுரைக்கும், நுரை வருகிறவரை அமிலம் இருக்கிறது என்று பொருள். நுரை நிற்கும்வரை தடவ வேண்டும். நுரைக்கும்போது சூடு தெரியும் என்று படுத்திருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

பாடங்களில் விட்டுப்போகும் ஒன்று கண்ணீர். எரிச்சலில் கண்ணோரம் வழியும் ஒரு சொட்டு, அமிலத்தையும் இழுத்துக்கொண்டு காதுப் பக்கம், கழுத்துவரை இறங்கும். மறுநாள் கழுத்தில் கோடு போட்டதுபோல் சிவந்திருக்கும், யாருக்கும் காரணம் தெரியாது. இரு கையிலும் உலர்ந்த காட்டன் பட் வைத்துக்கொண்டு தலைமாட்டில் இன்னொருவர் நிற்பதுதான் தீர்வு. ஒரே ஆள் உள்ள கிளினிக்கில் பீல் போடக் கூடாது என்று நாங்கள் சொல்வது இதற்காகவும்தான்.

கல்யாணப் பெண்கள் விஷயத்தில் வரவேற்பிலேயே கண்டிப்பு வேண்டும். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும், முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்து நிற்பார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை உரியும், எங்காவது கருத்தால் அது தணிய வாரக்கணக்கு ஆகும். முகூர்த்தத்துக்கு ஒரு மாதத்துக்குள் புதிய பீல் ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது. நலங்கு வைக்கும்போது மஞ்சளும் மாவும் தேய்ப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். உரியும் தோலில் அதைத் தேய்த்தால் மிஞ்சுவது கருமைதான்.

சன்ஸ்க்ரீன் பற்றிச் சொல்லும்போது “நிறைய போடுங்க” என்று சொல்லிப் பயனில்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடிவரை ஒவ்வொரு கோடு பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும். செய்து காட்டுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் வண்டியில் போய்வருபவருக்குக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று. மங்கு இருந்தால் நிறம் கலந்தது நல்லது. அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், வெள்ளை சன்ஸ்க்ரீன் பெரும்பாலும் அதைத் தடுக்காது.

லேசர் முடி நீக்கத்துக்கு நம் ஊர் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீள என்டியாக் லேசர் பாதுகாப்பானது. 810 அளவிலான டயோடு லேசரிலும் செய்யலாம், ஆனால் ஆற்றல் குறைவாக, ஒளித் துடிப்பு நீளமாக. மாநிறத்துக்கு எழுதிய எண்ணைக் கறுத்த தோலுக்குப் போடக் கூடாது. முந்தின நாள் ஷேவ் செய்துவர வேண்டும். வேக்ஸிங்கோ த்ரெட்டிங்கோ செய்தால் வேரே இருக்காது, லேசர் எதைப் பிடிக்கும்? மாசிமகத்துக்குத் தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ கடற்கரையில் நாள் முழுக்க வெயிலில் நின்றவருக்கு நான்கு வாரம் கழித்தே தேதி.

சின்னச் சின்னத் தப்புகள்தான் இங்கே சுடும். குங்குமம், மை, மஞ்சள் எல்லாம் நிறமி. ஒட்டியிருந்தால் ஒளியை அவையே வாங்கிக்கொண்டு தோலைச் சுடும். எல்லைக் கோடு போடுவதற்கு வெள்ளைப் பென்சில்தான், மார்க்கர் பேனா கூடாது. மச்சத்தை வெள்ளைத் தாளால் மூட வேண்டும். பச்சை குத்திய இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. ஹேண்ட்பீஸ் (லேசர் மெஷினில் கையில் பிடிக்கும் முனை) முகப்பில் கருகிய முடி ஒட்டியிருந்தால் அடுத்த ஷாட் அந்தக் கரியைச் சூடாக்கி முத்திரை குத்தியதுபோல் சுடும். சில ஷாட்டுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். பிறைநிலா வடிவத்தில் காயம் தெரிந்தால் ஹேண்ட்பீஸ் சாய்ந்திருந்தது, குளிர்ந்த முகப்பின் ஒரு ஓரம் தோலைத் தொடவில்லை என்று பொருள். முடி வேரைச் சுற்றி லேசான சிவப்பும் வீக்கமும் வந்தால் சரியாக வேலை செய்கிறது. சாம்பல் நிறம் தெரிந்தால் நிறுத்து. கண்குழி எலும்புக்குள் எந்தக் காரணத்துக்கும் சுடக் கூடாது. கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியில் எழுதியிருக்கும் அலைநீளமும் மெஷினின் அலைநீளமும் ஒன்றா என்று உதவியாளரே வாய்விட்டுப் படிக்கட்டும். தாடையில் முடி வளரும் பெண்ணுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்காமல் பேக்கேஜ் விற்கிற கிளினிக்கை நாங்கள் மதிப்பதில்லை. பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு கவனிக்கப்படாவிட்டால் முடி திரும்பத் திரும்ப வரும். முகத்தில் சிலருக்கு லேசரே மெல்லிய முடியைத் தடிமனாக்கிவிடுவதும் உண்டு.

மருவை மின்சூட்டால் சுட்டு எடுக்கும் காட்டரி அறையில் முதல் எச்சரிக்கை: ஸ்பிரிட் தடவிய ஈரத் தோலில் பொறி பட்டால் தீப்பிடிக்கும். நன்றாகக் காயவிட வேண்டும், அல்லது ஸ்பிரிட் இல்லாத கிருமிநாசினி. புகையை முகர வேண்டாம்; மருவின் புகையில் வைரஸ் இருக்கலாம், என்-95 போடுங்கள். மருவை உறையவைக்கும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. நிறமிச் செல்கள் மைனஸ் 4-இலேயே சாக ஆரம்பிக்கும் என்பதால் கறுத்த தோலில் ஐந்து நொடி அதிகமானாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். நைட்ரஜன் குடுவையை இறுக மூடக் கூடாது.

கடலோரக் கிளினிக்கின் தனித் தொல்லை தண்ணீர். போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ஆட்டோக்ளேவில் (கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் பாத்திரம்) ஊற்றினால் உப்புப் படிந்து வால்வு அடைபடும், லேசர் கூலிங் தொட்டியில் ஊற்றினால் மெஷினே போகும். இரண்டுக்கும் டிஸ்டில்ட் தண்ணீர்தான். ஆட்டோக்ளேவ் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம். துணியில் சுற்றிய பொருளுக்கு 30 நிமிடம். நனைந்தபடி வெளியே வரும் பொட்டலத்தைச் சுத்தமானதாகக் கணக்கிடக் கூடாது. ஊசி வெள்ளை டப்பாவில், ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில், கையுறையும் சிரிஞ்சும் சிவப்புப் பையில், கண்ணாடிக் குப்பி நீலத்தில்.

மழைக்காலத்தில், குறிப்பாக 2024 ஃபெஞ்சல் புயல் மாதிரி வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு, சேற்றுப்புண்ணும் சிரங்கும் வரிசைகட்டும். சிரங்குக்குப் பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம் எழுதியதும் உதவியாளரின் வேலை தொடங்குகிறது. கழுத்திலிருந்து பாதம்வரை, விரலிடுக்கு, தொப்புள், நகத்தடி எதையும் விடாமல், பெரியவருக்கு ஒரு 30 கிராம் ட்யூப். ராத்திரி பூசிக் காலையில் குளியல். வீட்டில் எல்லாரும் அதே ராத்திரி, அரிப்பு இல்லாத தாத்தாவும்தான். ஒரு வாரம் கழித்து மறுபடியும். துவைக்க முடியாத போர்வையைக் கவரில் கட்டி மூன்று நாள் வைத்தால் போதும். பூச்சி செத்த பிறகும் இரண்டு, மூன்று வாரம் அரிக்கும் என்பதைச் சொல்லாவிட்டால் மருந்து பிடிக்கவில்லை என்று தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

சாயங்காலம் கடையைச் சாத்தும் முன் ஒரு வேலை பாக்கி. அன்று பீலோ லேசரோ செய்துகொண்டவர்களுக்குப் போன். “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “நல்லா இருக்கேன்” என்றுதான் வரும். “கொப்புளம் இருக்கா? தண்ணி கோத்திருக்கா? பட்ட இடத்துல தொட்டா எரியுதா, இல்ல வலிக்குதா? கண்ணு உறுத்துதா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். லேசான எரிச்சலும் இழுப்பும் இருக்கும். கொப்புளம், அதிகமாகிக்கொண்டே போகும் வலி, கண் உறுத்தல், இந்த மூன்றில் எது இருந்தாலும் “நாளைக்கு வாங்க” கிடையாது. டாக்டர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாலும் அழைத்துச் சொல்ல வேண்டும். பதில்களை நோட்டில் நேரத்தோடு எழுதி, கூடவே எந்த அமிலம், எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம் என்பதையும் எழுதிவைத்தால், அடுத்த மாதம் அதே முகம் படுக்கையில் படுக்கும்போது யாரும் நினைவிலிருந்து தேட வேண்டியிருக்காது.